ரவை வைத்திருப்பவர்

மேலூரில் ஒருவர், வாடிப்பட்டியில் ஒருவர், மதுரைக்குள் நரிமேட்டில் ஒருவர் என்று இவர் எல்லா இடத்திலும் இருக்கிறார். வீட்டில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கி, பீரோவில் லைசென்ஸ். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எங்கள் தெருவில் அவர் 'லைசென்ஸ் ஐயா'.

தாத்தா அதை வைத்துக்கொண்டு கண்மாயில் தாரா சுட்டார். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பிறகு அது இறுக இறுக, ஐயாவுக்குச் சுட மிஞ்சியது ரைபிள் கிளப்பின் இலக்கு அட்டைதான். மாதம் ஒரு ஞாயிறு அதைச் சுட்டுவிட்டு வருவார். மற்றபடி துப்பாக்கி வாசல் தாண்டுவது தேர்தலுக்கு. தேதி அறிவித்ததும் பழைய வேட்டியில் சுற்றி, மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற முகத்தோடு ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார்.

சட்ட விஷயத்தில் அவரிடம் ஒரு குறை காண முடியாது. துப்பாக்கி ஒரு பீரோவில், தோட்டா இன்னொன்றில், இரண்டு சாவியும் இடுப்பில். குழல் மறந்தும் யார் பக்கமும் திரும்பாது. துப்பாக்கியின் வாய் மேல் அவ்வளவு கவனம். தன் வாய் மேல்தான் கிடையாது.

கிளப்பிலிருந்து திரும்பிய ஞாயிறு சாயங்காலம் பார்க்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து, கம்பியில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுப்பார். துணி அடுப்புக்கரி நிறத்தில் வெளியே வரும். ஐயா முகம் மலரும். அதே விரலால் சுண்ணாம்பை எடுத்துச் சோழவந்தான் வெற்றிலையில் தடவி, மடித்து உள்ளே தள்ளுவார். பேரன் ஓடி வந்தால் அதே கையால் கன்னத்தைக் கிள்ளுவார். அந்தத் துணி அப்புறம் திண்ணை துடைக்கும்.

மருமகள் வேதியியல் டீச்சர். "மாமா, அது வெறும் கரி இல்ல. ரவையும் ஈயம், தோட்டா அடியில இருக்கிற கேப்பு மருந்துலயும் ஈயம். சுடுறப்போ புகையா வந்து கையில, சட்டையில படியுது. பெட்ரோல்ல இருந்தே 2000-லயே எடுத்துட்டாங்க, நீங்க வெத்தலையில சேர்க்கிறீங்க."

"ஈயந்தானே தாயி? உங்க அத்தை அம்பது வருசமா ஈயச் சொம்புல ரசம் வைக்கிறா. எனக்கு என்ன ஆயிப்போச்சு?"

இது தமிழ் செய்த சதி. ரசச் சொம்பு வெள்ளீயம்; காலியாக அடுப்பில் வைத்தால் உருகி விழுந்துவிடும் சாது. துப்பாக்கி ரவை காரீயம். அது சுண்ணாம்புச் சத்து வேஷம் போட்டு எலும்புக்குள் குடியேறி, வருடக்கணக்கில் காலி செய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே அதற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போனதில் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு குழந்தை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும்.

போதாததற்கு 'ரவை' என்ற பெயர் வேறு. ஐயாவின் அப்பா வீட்டிலேயே தோட்டா கட்டிய காலத்து மிச்ச ரவை, ஹார்லிக்ஸ் பாட்டிலில், சமையலறைப் பரணில், உப்புமா ரவைக்கு இரண்டு பாட்டில் தள்ளி இருந்தது. மருமகள் அதைக் கண்டுபிடித்த அன்று கேட்ட சத்தம் பன்னிரண்டு போரில் வராது.

சமாதானத்துக்கு ஐயா கொரோனா காலத்து சானிடைசரைக் கையில் ஊற்றிக் காட்டினார்.

"கிருமின்னா சாகும் மாமா. சாகுறதுக்கு ஈயத்துக்கு உயிரா இருக்கு? சோப்புப் போட்டுக் கழுவுங்க."

அன்றோடு துடைப்பு வேலை கொல்லைப்புறத்துக்கு மாறியது. கீழே பழைய பேப்பர். முடிந்ததும் துணியோடு சுருட்டிப் பையில் கட்டிவிட வேண்டும். விளக்குமாறு கூடாது, தூசி கிளம்பும், ஈரத்துணிதான். கிளப் சட்டை வாசலிலேயே கழற்றப்படும், பேரன் துணியோடு ஊறாது. கை கழுவும்வரை வெற்றிலைப் பெட்டி மருமகள் வசம். லைசென்ஸிலேயே இத்தனை நிபந்தனை இல்லை என்று என்னிடம் புலம்பினார். புலம்பினாரே தவிர, ஒன்றையும் மீறவில்லை. நிபந்தனை என்றால் அவருக்கு ஒரு மரியாதை உண்டு.

போன தேர்தலுக்கு அவரோடு ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். மேசையில் டீ, வடை. ரைட்டர் குழலைத் தடவிப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்டு, அதே கையோடு வடையை எடுத்தார். ஐயா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வடையக் கீழ வைங்க. காரீயம்! உங்க வீட்டு ரசச் சொம்புன்னு நெனச்சீங்களா? இங்க கொழாய் எங்க இருக்கு?"