மலை சுற்ற வைத்த மாத்திரை

உன்னைப் போல் வாக்குத் தவறாத ஒன்றை நான் பார்த்ததில்லை. பௌர்ணமி சாயங்காலம் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து உன்னை எடுப்பாள். திருவண்ணாமலை ராஜகோபுரத்துக்கு எதிரே டீக்கடையில் அரை டம்ளர் தண்ணீர் வாங்கி, அண்ணாந்து, ஒரே மடக்கில் விழுங்குவாள். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பித்து, செங்கம் ரோடு வந்து ரமணாசிரமத்தைத் தாண்டுவதற்குள் அவள் நடையில் இருந்த கோணல் போயிருக்கும். 14 கிலோமீட்டர், வெறுங்கால். விடியற்காலை ஈசானிய லிங்கத்தில் திருநீறு பூசிக்கொண்டு, "இந்த மாத்திரை மட்டும் இல்லேன்னா நான் மலையே சுத்தியிருக்க மாட்டேன்டா" என்பாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆறு வருஷம் அவளை மலை சுற்ற வைத்தது நீதான்.

டாக்டரிடம் போனால் ஆயிரம் கேள்வி. வயசென்ன, பிரஷர் இருக்கிறதா, நெஞ்சு வலி வந்ததுண்டா, சாப்பிட்டீர்களா. நீ ஒன்றும் கேட்கமாட்டாய். பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று உன் அட்டையில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "தம்பி, அந்த முட்டிவலி மாத்திரை நாலு குடுப்பா" என்பாள். கடைப் பையன் கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கித் தருவான். பாதிப் பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடும். நீ மட்டும் வருவாய். டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரூபன், நிமிசுலைட் என்று உன் குடும்பத்தில் யார் வந்தாலும் அவளுக்கு ஒரே பெயர்தான், முட்டிவலி மாத்திரை.

உனக்குப் பாரபட்சம் தெரியாது. தேய்ந்த மூட்டில் வலியையும் வீக்கத்தையும் கிளப்பிவிடுவது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். அதை உடம்பு சுரக்கவிடாமல் நீ நிறுத்துகிறாய். ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-இல் கண்டு சொன்ன ஜான் வேனுக்கு 1982-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதே பொருள்தான் இரைப்பையின் உள்தோலை அமிலம் அரிக்காமல் காக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்காமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். முட்டிக்கு ஒரு நியாயம், வயிற்றுக்கு ஒரு நியாயம் என்று நீ பார்ப்பதில்லை. போகிற இடமெல்லாம் நிறுத்துகிறாய்.

பௌர்ணமி அன்று அம்மா விரதம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் ஒரு வாழைப்பழமும்தான். அந்த வெறும் வயிற்றில்தான் நீ இறங்குவாய். மாதத்தில் ஒரு நாளாக ஆரம்பித்தது, துணி துவைக்கும் நாள், ரேஷன் கடை வரிசையில் நிற்கும் நாள் என்று கூடி, கடைசியில் காலை ஒன்று, ராத்திரி ஒன்று. ஒரு நாளும் நீ அவளைக் கைவிடவில்லை.

உன் குணங்களிலேயே பெரிதாய் நான் மலைத்துப்போன ஒன்று உண்டு. நீ அவள் வயிற்றில் புண் போட்டாய். அந்தப் புண்ணும் அவளுக்கு வலிக்காமல் பார்த்துக்கொண்டாய்.

போன வருஷம் ஆனிப் பௌர்ணமி முடிந்த மூன்றாம் நாள், வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு அம்மா மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 6. குழாய் விட்டு எடுத்த படத்தை டாக்டர் என் பக்கம் திருப்பிக் காட்டினார். ரோஜா நிறச் சுவரில் இரண்டு குழி, ஒன்றின் நடுவே கறுப்பாய் உறைந்த ரத்தம்.

"வயிறு வலிச்சுதாம்மா?"

"ஒரு நாளும் இல்லீங்க டாக்டர்."

"வெளிக்குப் போறது கறுப்பா, தார் மாதிரி போச்சா?"

"ஒரு வாரமா போச்சுங்க. முருங்கைக் கீரை தின்னதால இருக்கும்னு நெனச்சேன்."

"முட்டிக்கு ஏதாவது மாத்திரை?"

அம்மா என்னைப் பார்த்தாள். முந்தானை முடிச்சில் அப்போதும் நீ இரண்டு இருந்தாய்.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அடுத்த நாள், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் 2.4 என்று உயர்ந்து வந்தபோதுதான் உனக்குக் கூட்டாளிகளோடு சேர்ந்து வேலை செய்யவும் தெரியும் என்று புரிந்தது. அம்மாவுக்குப் பிரஷர் உண்டு. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் தெருவுக்கும் வந்தபிறகு, பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. அது நல்ல காரியம், நான் மனசாரச் சொல்கிறேன். நீ உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி அவள் கணுக்காலை வீங்க வைத்தாய். நீ கொண்டுவந்த வீக்கம் என்று தெரியாமல் வேறோர் இடத்தில் நீர் மாத்திரை வாங்கினாள். எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் நீயும் ஓர் உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. போதாததற்கு ராத்திரி முழுக்க வியர்க்க வியர்க்க நடை, வழியில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காத பழக்கம். கிரிவலம் போகிற பெண்களைக் கேட்டுப் பார், பலர் இதைத்தான் சொல்வார்கள்.

உன் உறவில் ரோபிகாக்சிப் என்று ஒன்று இருந்தது. வயிற்றைப் புண்ணாக்காத வலி மாத்திரை என்று 1999-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சொன்னபடி வயிற்றுக்கு ஆபத்தைக் குறைத்தது. ஆனால் மாரடைப்பைக் கூட்டியது. தயாரித்த மெர்க் நிறுவனமே 2004 செப்டம்பர் 30-ஆம் தேதி உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது; அந்த டிசம்பரில் இந்தியாவும் தடை செய்தது. அது போய்விட்டது, நீ நிலைத்தாய். நூற்றுக்கணக்கான சோதனைகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்த ஆய்வு 2013-இல் லான்செட்டில் வந்தது. டைக்ளோபினாக்கை முழு அளவில் ஒரு வருஷம் சாப்பிடும் ஆயிரம் பேரில் கூடுதலாக மூன்று பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ அது போன்ற ஒன்றோ வருகிறது, அதில் ஒருவர் இறந்துபோகிறார் என்று கணக்குச் சொன்னது. மூன்று சின்ன எண்ணாகத் தெரியலாம். பௌர்ணமி ராத்திரி எங்கள் வாசலில் ஒரு நிமிஷம் நின்றால் எத்தனை பேர் கடந்து போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவன் நான். எனக்கு அது சின்னதாகத் தெரியவில்லை.

உன் கருணை மனிதரோடு நிற்கவில்லை. நொண்டும் மாட்டுக்கும் உன்னை ஊசியாகப் போட்டார்கள், மாடு எழுந்து நடந்தது. செத்தபிறகு அந்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. 1990-களில் தொடங்கி, வெண்முதுகுப் பாறு இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துபோனது. காரணம் நீ என்று 2004-இல் நிரூபித்தார்கள். 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் தடையானது. 2023-இல் அசிக்ளோபினாக்குக்கும் கீட்டோபுரோபனுக்கும் அதே தடை வந்தது. மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பதை நாடே தெரிந்துகொண்டது. அம்மாவுக்குச் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் தெருமுனைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இத்தனைக்குப் பிறகும் உன்னைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரவாங்கியில் விரல் மடங்காமல் விடியற்காலை அழுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நீ கொடுக்கும் ஒரு மணி நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனை பார்த்து, சாப்பிட்டபின், வயிற்றைக் காக்கும் மாத்திரை துணையோடு, குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு என்று கணக்கோடு கொடுக்கும் டாக்டரின் கையில் நீ நல்ல மருந்துதான். முட்டித் தேய்மானத்துக்கு உன்னையே களிம்பாக மேலே தடவலாம். ரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான். அம்மா மாதிரி ஒரு முறை ரத்தம் கசிந்தவர்களுக்கு அதையும் கேட்டுத்தான் போட வேண்டும் என்றார் டாக்டர். ரமணருக்கும் முட்டி வாதம் இருந்தது. பல படங்களில் கையில் தடி. அம்மாவுக்கு அந்தப் படத்தைக் காட்டித்தான் தடி பிடிக்கச் சம்மதிக்க வைத்தேன்.

உன்னை நிறுத்தி ஒரு மாதத்தில் கிரியாட்டினின் 1.3-க்கு இறங்கியது. முட்டி வலி திரும்பி வந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. முதல் பத்து நாள் அம்மா என்னிடம் பேசவில்லை. பிறகு பிசியோதெரபி பெண் வந்து, கட்டிலில் படுத்துக்கொண்டு காலை நீட்டித் தூக்கி, எட்டு எண்ணும் வரை பிடித்து இறக்கச் சொல்லிக்கொடுத்தாள். தொடைத் தசை வலுவானால் முட்டியின் பாரம் குறையும் என்றாள். அம்மாவுக்கு ஒன்று இரண்டு என்று எண்ணப் பிடிக்கவில்லை.

நேற்றுப் பௌர்ணமி. வெளியே கூட்டம் போய்க்கொண்டிருந்த சத்தம் வீட்டுக்குள் கேட்டது. அம்மா வலது காலைத் தூக்கினாள். "இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம்" என்று முனகிக்கொண்டே பிடித்தாள். நிருதி, வருணன், வாயு. குபேரனில் கால் நடுங்கியது. ஈசானியம் என்று சொல்லிவிட்டுத்தான் இறக்கினாள். அப்புறம் இடது கால்.