ஒரு துளியா, ஒரு டம்ளரா?

கேள்வி: ஹாஸ்டலில் இரவு ஒரு டம்ளர் பால் தருகிறார்கள். குடித்தால் வயிறு உப்புசம், கடமுடா, விடிவதற்குள் பேதி. எனக்குப் பால் அலர்ஜிதானே?
- ஐ.டி. ஊழியர், நாவலூர்

பதில்: தோல் தடித்ததா? உதடு வீங்கியதா? மூச்சு இழுத்ததா? மூன்றும் இல்லையென்றால் அலர்ஜியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பாலில் லாக்டோஸ் என்று ஒரு சர்க்கரை உண்டு. அதை உடைக்கும் நொதி உங்கள் சிறுகுடலில் குறைந்திருக்கலாம். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்கு இறங்கினால் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கும். உப்புசம் அந்த வாயுவால்தான். வளர்ந்த பிறகு இந்த நொதி குறைவது உலகில் பெரும்பாலோருக்கு இயல்பு. இந்தியாவிலும் வடமேற்கைவிடத் தெற்கே இப்படிப்பட்டவர்கள் அதிகம். காபிக்கு விடும் பாலோடு நிறுத்திப் பாருங்கள். தயிர், மோர் பலருக்குத் தொல்லை தராது. அளவைக் குறைத்தால் தொல்லையும் குறைகிறதென்றால், அது அலர்ஜி அல்ல, ஒத்துக்கொள்ளாமை என்பதற்கு நல்ல அடையாளம்.

கேள்வி: என் ஒன்றரை வயது மகனுக்குப் பால் அலர்ஜி என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டார். லாக்டோஸ் நீக்கிய பால் கொடுக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நாட்டு மாட்டுப் பால் ஒன்றும் செய்யாது என்கிறார் மாமியார்.
- குடும்பத் தலைவி, தாழம்பூர்

பதில்: இரண்டும் வேண்டாம். இருவரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், ஆனால் இரண்டுமே ஆபத்து. உங்கள் மகனுக்கு ஆகாதது பாலின் சர்க்கரை இல்லை, புரதம். லாக்டோஸ் நீக்கிய பாலில் புரதம் அப்படியே இருக்கிறது. நாட்டு மாடு, ஜெர்சி, எருமை, ஆடு எதுவானாலும் புரதங்கள் ஏறக்குறைய ஒரே சாயல். காய்ச்சினாலும் அவற்றில் முக்கியமான கேசீன் என்ற புரதம் அழியாது. மேலே கேட்ட நாவலூர்க்காரருக்கு நல்லது செய்யும் அதே பால் பாக்கெட், உங்கள் மகனை மருத்துவமனையில் சேர்த்துவிடும். ஒன்றில் நிம்மதி கொள்ளுங்கள்: பெரும்பாலான குழந்தைகளுக்குப் பால் அலர்ஜி வளர வளர விலகிவிடும். விலகிவிட்டதா என்பதை மருத்துவர் முன்னால் கொடுத்துப் பார்க்க வேண்டும், வீட்டில் அல்ல.

கேள்வி: கானாங்கெளுத்திக் குழம்பு சாப்பிட்ட அரை மணியில் வீட்டில் நாலு பேருக்கும் முகம் சிவந்து, தலை வலித்து, காணாக்கடி மாதிரித் தடித்துவிட்டது. நாலு பேருக்கும் ஒரே நாளில் மீன் அலர்ஜி வருமா?
- வாசகர், கேளம்பாக்கம்

பதில்: வராது. நாலு பேர் என்று நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜி வரும்போது நம் உடம்பு தானே கொட்டுவதும் இதே ஹிஸ்டமின்தான். அதனால் முகச் சிவப்பிலிருந்து தடிப்புவரை பார்ப்பதற்கு அச்சு அசல் அலர்ஜி போலவே இருக்கும். உண்மையில் இது ஒரு வகை உணவு நச்சு. ஹிஸ்டமின் கொதித்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, புளியும் அதை முறிக்காது. மீனில் கெட்ட வாடையே இல்லாமலும் இருக்கலாம். சாப்பிடும்போது நாக்கில் மிளகு பட்டாற்போல் சுருக்கென்றால் தட்டைத் தள்ளிவிடுங்கள்.

பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தணிந்துவிடும்; மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ மருத்துவமனைதான். அங்கே "நாலு பேருக்கும் வந்தது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாததால் மீன் அலர்ஜி என்று முத்திரை வாங்கி, வாழ்நாள் முழுக்க மீனை விட்டவர்கள் உண்டு. கோவளத்துக் கரையிலிருந்து கேளம்பாக்கம் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் மீன் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு மற்ற வேலைகளை முடித்துவிட்டு வீடு போகாதீர்கள். மீன் கடைசியாக வாங்க வேண்டிய பொருள்.

நாலு பேர் சாப்பிட்டு ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால், பதில் அடுத்தவருக்குச் சொல்வதுதான்.

கேள்வி: இறால் சாப்பிட்டால் எனக்கு உதடு வீங்கும். போன முறை மூச்சும் கொஞ்சம் இழுத்தது. இப்போதெல்லாம் முன்னாலேயே ஒரு செட்ரிசின் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன். சரிதானே?
- வாசகர், மேடவாக்கம்

பதில்: தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். இது அலர்ஜிக்கே உரிய வர்ணனை. இறாலில் உள்ள டிரோபோமையோசின் என்ற புரதத்தை உங்கள் உடம்பு எதிரியாகப் பதிவு செய்து, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாராக வைத்திருக்கக்கூடும். அப்படியானால் ஒரு துணுக்கு போதும்; சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கிளம்பிவிடும். போன தடவை லேசாக வந்தது என்பது அடுத்த தடவைக்கு உத்தரவாதம் இல்லை. செட்ரிசின் அரிப்பை அடக்கும். மூச்சுக்குழல் சுருங்குவதையும் ரத்த அழுத்தம் சரிவதையும் அதனால் தடுக்க முடியாது. நீங்கள் செய்வது எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவது.

மூச்சும் ரத்த அழுத்தமும் தடுமாறும் அந்த நிலைக்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில், தாமதமின்றி. 108ஐ அழைத்துவிட்டு, படுத்துக் காலை உயர்த்திக்கொள்ள வேண்டும். மூச்சு முட்டினால் உட்காரலாம். எழுந்து நடக்கவே கூடாது. அலர்ஜி மருத்துவரைப் பார்த்து, அட்ரினலினை எப்படிக் கைவசம் வைத்துக்கொள்வது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நண்டிலும் அதே புரதம்தான், தொடாதீர்கள். மீனில் அலர்ஜி தரும் புரதம் வேறு. இறால் ஆகாத பலர் மீன் சாப்பிடுகிறார்கள். பரிசோதித்துவிட்டு நீங்களும் சாப்பிடலாம்.

கேள்வி: கத்தரிக்காய் தின்றால் வாய் நமைச்சல். அலர்ஜி என்று ஒதுக்கிவிடவா?
- வாசகி, தாம்பரம்

பதில்: மைசூரில் 741 பேரிடம் இதற்காகவே ஓர் ஆய்வு நடந்து 2008இல் வெளியானது. நூற்றுக்கு ஒன்பது பேருக்குக் கத்தரிக்காய் தகராறு செய்தது. ஐஜிஇ வழியாக வரும் அலர்ஜி நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் காயிலேயே இருக்கும் ஹிஸ்டமின் போன்ற பொருள்களின் வேலை. நமைச்சல் வாயோடு நின்றால் குறைத்துக்கொள்ளுங்கள். தடிப்பு, வீக்கம், இளைப்பு என்று பரவினால் மருத்துவர்.

கேள்வி: ஒரே ரத்தப் பரிசோதனையில் இருநூறு உணவுகளுக்கு ரிசல்ட் தருகிறார்கள். எனக்கு அரிசி, தக்காளி, துவரம்பருப்பு எல்லாம் 'பாசிட்டிவ்'. இனி எதைச் சாப்பிடுவது?
- வாசகர், சிறுசேரி

பதில்: வழக்கம்போல் சாம்பார் சாதம். இப்படிப்பட்ட பரிசோதனைகள் பலவும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளப்பவை; நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியவர் என்பதைத்தான் அது காட்டும். ஐஜிஇ பரிசோதனையும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஏதாவது ஓர் உணவுக்கு ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம், அலர்ஜி இருக்கக்கூடியவர்கள் 1.2 சதவீதம். சாப்பிட்டால் என்ன ஆகிறது என்ற உங்கள் கதைதான் முதல் சாட்சி. கதையே இல்லாதவருக்குப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: சப்பாத்தி ஆகவில்லை என்று கோதுமையை நிறுத்தப் போகிறேன்.
- வாசகி, பள்ளிக்கரணை

பதில்: நிறுத்தும் முன் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், நிறுத்திய பிறகு செய்தால் பிடிபடாமல் போகலாம். அது அலர்ஜியும் அல்ல, வெறும் ஒத்துக்கொள்ளாமையும் அல்ல. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைச் சாக்கிட்டு உடம்பு தன் குடலையே தாக்கும் நோய். சீலியாக் என்று வந்தால் ரவை, மைதா, சேமியாவோடு பெருங்காய டப்பாவையும் திருப்பிப் படியுங்கள். கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும்.

கேள்வி: எங்கள் மெஸ்ஸில் தினமும் யாராவது "எனக்கு அலர்ஜி" என்கிறார்கள். பாதிப் பேர் பிடிக்காததைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?
- மெஸ் நடத்துபவர், நாவலூர்

பதில்: எல்லோரையும் நம்புங்கள். பிடிக்காதவரை நம்பினால் உங்களுக்கு ஒரு கரண்டி பொரியல் மிச்சம். வேர்க்கடலை அலர்ஜி உள்ளவரை நம்பாவிட்டால் ஓர் உயிர் போகலாம். அவருக்குக் கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் பரிமாறுவது போதாது. சட்னி அரைத்த ஜாரும், தாளித்த கரண்டியும், பொரித்த எண்ணெயும் கணக்கில் வரும். இறால் பொரித்த எண்ணெயில் வாழைக்காய் பஜ்ஜி போட்டால், மேடவாக்கத்துக்காரருக்கு அதுவும் ஆகாது.

பாக்கெட் உணவின் மேல் எட்டு வகைகளை அறிவிக்கச் சொல்கின்றன 2020ஆம் ஆண்டின் இந்திய லேபிள் விதிகள்: குளூட்டன் உள்ள தானியங்கள், இறால்-நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் பருப்பு வகைக் கொட்டைகளும், சோயா, சல்ஃபைட். அந்தப் பட்டியலை உங்கள் மெனு பலகைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். எள் அதில் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரியிலிருந்து அதையும் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் இட்லிப் பொடியில் எள்ளும், அதில் ஊற்றுவது நல்லெண்ணெயுமாக இருந்தால், அதையும் பலகையில் எழுதிவிடுங்கள்.