நாற்பதைத் தாண்டாத அண்ணாச்சி

சங்கரன்கோவிலில் புதிய மோட்டார் சைக்கிள் ஒன்று ஷோரூமை விட்டு வெளியேறி, சங்கரநாராயண சுவாமி கோவில் வாசலில் மாலையும் சந்தனமும் பெற்று, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் நசுக்கி வீடு வந்து சேர்வதற்குள், வாங்கியவரைக் காட்டிலும் அதன்மீது அக்கறை கொண்ட ஒருவர் தெருமுனையில் வந்து நின்றுவிடுவார். இவர் மெக்கானிக் அல்லர். விசைத்தறிக் கூடத்திலோ பூ மார்க்கெட்டிலோ வேலை பார்ப்பவராக இருக்கலாம், எங்கும் வேலை பார்க்காதவராகவும் இருக்கலாம். தெருவுக்கு அவர் அண்ணாச்சி. அவருடைய புலமை ஒரே துறையைச் சார்ந்தது: புது இஞ்சினைப் பழக்குதல், அதாவது பட்டறைகளில் ‘ரன்னிங்-இன்’ என்று வழங்கும், முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை வண்டியை அளவறிந்து ஓட்டும் முறை.

அண்ணாச்சியின் பரிசோதனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைலன்சர் அருகே குந்தி, தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்களை மூடிக்கொள்வார். சுற்றி நிற்பவர்கள் மூச்சுவிடும் சத்தம்கூட அப்போது அவருக்கு இடையூறு. பிறகு எச்சில் தொட்ட விரலை இஞ்சினின் விலாவில், வெப்பத்தை வெளியேற்ற வார்க்கப்பட்டிருக்கும் தகடுகளின்மேல், ஒரு கணம் வைத்து எடுப்பார். அது ‘சுர்’ என்றால் முகம் இருளும், என்னாவிட்டாலும் இருளும். அடுத்து ஆயில் அளவு காட்டும் குச்சியை உருவி, சட்டைப்பையில் எப்போதும் தயாராக இருக்கும் பனியன் வேஸ்ட்டில் துடைத்து, வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு வழங்குவார்: “மாப்ள, நாப்பதத் தாண்டிராத. டபுள்ஸ் ஏத்திராத. இஞ்சின் இன்னும் பச்சப்புள்ளடே.”

இந்தத் தீர்ப்பை முற்றிலும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது என்பதே அண்ணாச்சியின் பலம். 1955-இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் தயாரித்த பழைய புல்லட்டில், சிலிண்டர் வார்ப்பிரும்பாலும் அதனுள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் அலுமினியக் கலவையாலும் ஆனவை. அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால், புது வண்டியை வந்த வேகத்தில் முறுக்கினால் பிஸ்டன் பருத்துச் சிலிண்டரைக் கவ்விக்கொண்டு வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். ‘ஜாம்’ ஆகிவிட்டது என்று சொல்லப்படும் இந்த நிலை வந்தால் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் ‘போர்’ வேலைக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. நாற்பது என்னும் எண் அந்த அச்சத்தின் எச்சம். அச்சம் போய்விட்டது, எண் மட்டும் அண்ணாச்சியிடம் தங்கிவிட்டது.

இவருக்கு எதிர்க்கட்சியும் உண்டு. டீக்கடை பெஞ்சின் மறுமுனையில் அமர்ந்திருக்கும் முறுக்கர் மரபினர், புது வண்டியை முதல் நாளிலேயே விரட்டினால்தான் அது ஆயுள் முழுக்க விரட்டும் என்பர். அவர்கள் பக்கமும் இயந்திரவியல் கொஞ்சம் இருக்கிறது. சிலிண்டரின் உட்சுவரில் தொழிற்சாலையிலேயே குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் இடப்படுகின்றன. எரிபொருள் வெடிக்கையில் எழும் வாயு, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளின் பின்புறம் புகுந்து அவற்றைச் சுவரோடு அழுத்துவதால், கீறல்களின் முனை தேய்ந்து ரிங் சுவரோடு இழைகிறது. வண்டியை மிக மெதுவாகவே உருட்டிக்கொண்டிருந்தால் அந்த அழுத்தம் போதாமல், ஆயில் கருகிச் சுவரில் பளபளப்பாகப் படிந்து, பின்னாளில் வண்டி ஆயில் குடிக்கத் தொடங்கும்.

சிவனே பெரியவன் என்ற சங்கனும் திருமாலே பெரியவன் என்ற பதுமனும் ஆகிய இரு நாக அரசர்களின் வழக்கு, கோமதி அம்மனின் தவத்தாலும் சிவனும் திருமாலும் ஓருருவாக வந்த சங்கரநாராயணர் காட்சியாலும் தீர்ந்ததாகத் தலபுராணம் கூறும் ஊர் இது. ஆண்டுதோறும் ஆடித்தபசில் அந்தக் காட்சியைக் கூட்டத்தில் இடிபட்டு நின்று கண்ட பின்னரும், நாற்பதாரும் முறுக்கரும் அதே பகையோடு பெஞ்சுக்குத் திரும்புகின்றனர். இஞ்சினோ இருவரையும் ஒருங்கே ஏற்கிறது: சூடேறும்வரை மெதுவாகவும், பிறகு வேகத்தை ஏற்றியும் இறக்கியும், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமலும், உயர்ந்த கியரில் திணறவிடாமலும், எல்லைவரை முறுக்காமலும் ஓட்டினால் அதற்குப் போதும். உட்சுவரை நுட்பமாக இழைத்து அனுப்பும் இன்றைய தொழிற்சாலைகள் இந்த வேலையின் பெரும்பகுதியை முன்பே முடித்துவிடுகின்றன. மீதிச் செய்தி, சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் கிடக்கும் கையேட்டில் அச்சாகியிருக்கிறது. அண்ணாச்சி கையேடு படிப்பதில்லை. அதை எழுதியவன் வண்டி ஓட்டியிருக்க மாட்டான் என்பது அவர் கருத்து.

அவருடைய கோட்பாட்டின் உச்சம் ‘ஒரு கை’ விதி: இஞ்சின் ஒருவர் கைக்கே பழக வேண்டும், கை மாறினால் கெட்டுவிடும். இதைச் சொல்லி முடித்த கையோடு அவர் சாவியைக் கேட்பார். அந்த ஒரு கை எவருடையது என்பது அப்போதுதான் வண்டிக்காரருக்கு விளங்கும். “ரெண்டு நாள் கொடு, செட் பண்ணித் தாரேன்” என்று வாங்கிச் செல்லும் வண்டி, இஞ்சினின் நலன் கருதிக் கழுகுமலையில் உள்ள மச்சான் வீட்டுக்கும், கரிவலம்வந்தநல்லூரில் ஒரு விசேஷ வீட்டுக்கும் போய்வரும்; டபுள்ஸ் ஏற்றக் கூடாது என்ற விதி அண்ணாச்சியின் வீட்டம்மாவுக்குப் பொருந்தாது. பெட்ரோல், இயல்பாகவே, வண்டிக்காரர் பொறுப்பு. அண்ணாச்சியின் சொந்த வண்டியான பழைய டிவிஎஸ் 50 இதற்கிடையே திண்ணையோரம் சாத்தப்பட்டிருக்கும். அதை அவர் வாங்கும்போதே அது மூன்று கை மாறியிருந்தது.

ஆயினும் ஒரு விஷயத்தில் இரு மரபினரும் கையேடும் ஒன்றுபடுகின்றனர். தொடக்க நாள்களில் உராய்வில் உதிரும் உலோகத் துகள்கள் ஆயிலில் கலப்பதால், பெரும்பாலும் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் வரும் முதல் சர்வீஸில் அந்த ஆயிலை வடித்துப் புதிது ஊற்றியே ஆக வேண்டும். புது வண்டி வாங்குவோர் இதில் மட்டும் அண்ணாச்சியின் பேச்சைத் தட்டாமல் கேட்கலாம். சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை.