சூடு கொடுத்த வள்ளல்கள்

சென்னைக்காரர்கள் குளிரில் படும் பாடு வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. மார்கழி விடிகாலையில் மயிலாப்பூர் மாட வீதியில் பஜனை கோஷ்டியைப் பின்தொடர்ந்து போனால் தெரியும். வெப்பமானி 21 டிகிரி காட்டும்போதே காதை மூடி மப்ளர் கட்டி, அதன்மேல் குல்லாயும் மாட்டிக்கொண்டு நடுங்குகிற ஜனங்கள். இந்த ஊரைப் பார்த்து உண்மையாக மனம் இரங்கியவர்கள் கேமிங் லேப்டாப் செய்கிற கம்பெனிக்காரர்கள் மட்டும்தான். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை இரண்டாயிரம் ஆண்டாகக் கொண்டாடுகிறோம். மயிலுக்குக் குளிர்ந்ததா என்று அவனும் கேட்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கேட்டுக் கொடுப்பது வியாபாரம், கேளாமல் கொடுப்பதுதானே கொடை?

2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கத்திரி வெயில் முடிந்தும் முடியாத நேரத்தில் சூரியன் தன்னால் ஆனதையெல்லாம் செய்து எட்டிய உயரம் அது. நம் வள்ளல்களின் கருவியை மேசைமேல் வைத்து ஒரு விளையாட்டைத் திறந்தால் போதும். சில நிமிடங்களில் அந்தச் சாதனையைப்போல இரு மடங்கைத் தாண்டி 95-ல் போய் நிற்கும். சிப் செய்கிறவர்கள் 95 அல்லது 100 டிகிரி என்று ஓர் எல்லைக்கோடு போட்டுத் தருகிறார்கள். மற்றவர்கள் கோட்டைப் பார்த்தால் ஒதுங்குவார்கள். கோடு போட்டிருப்பதே தொடுவதற்காகத்தான் என்று புரிந்துகொண்ட தைரியசாலிகள் இவர்கள்.

இந்தத் தைரியத்துக்குப் பின்னால் இருக்கும் பொறியியலைச் சொல்லாவிட்டால் பாவம் வரும். கூடவே தருகிற அடாப்டர் செங்கல் கனம் இருக்கும். அதன்மேல் 230, 280, 330 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று எழுபத்தைந்து வாட் இழுக்கும். ஆக மூன்று நான்கு ஃபேன்களின் சாப்பாடு ஒரு நோட்டுப் புத்தகக் கனத்துக்குள் போகிறது. உள்ளே போன மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாக வெளியேறியாக வேண்டும் என்பது இயற்கையின் சட்டம். சாதாரண ஆளாக இருந்தால் வெளியேறும் வழியை அகலமாக்கியிருப்பான். இவர்களோ வழியைச் சுருக்கி விளக்குகளைப் பெருக்கினார்கள். கீபோர்டில் 1.67 கோடி நிறங்கள் ஒளிர இடம் கிடைத்திருக்கிறது. வெப்பத்துக்கு மட்டும் இரண்டு சின்ன விசிறியும் சில செப்புக் குழாய்களும் போதும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். அழகுணர்ச்சி என்றால் இதுவல்லவா!

எல்லாவற்றிலும் நான் வியப்பது அவர்களுடைய சிக்கனத்தை. சிப்பின் முகமும் அதன்மேல் உட்காரும் ஹீட்சிங்க்கின் செப்புத் தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்தப் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். வெப்பம் கடத்தும் திறனில் செம்புக்கு 400-ஐ ஒட்டி மதிப்பெண் கிடைக்கிறதென்றால் காற்றுக்கு 0.026. அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டு இடைவெளியை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். அதன் மதிப்பெண் ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை தேறும். செம்புக்கு முன்னால் அது ஒன்றுமில்லை, காற்றுக்கு முன்னால் மகாராஜா. ஒன்றரை லட்ச ரூபாய் இயந்திரத்தின் ஆயுளும் வேகமும் இந்த ஒன்றிரண்டு கிராம் பசையில்தான் தொங்குகின்றன. மூடியில் ஒளிரும் சின்னத்துக்கும், பெட்டியைத் திறக்கும்போது வரும் வாசனைக்கும் தாராளமாகச் செலவழிக்கிற கைகள், இந்தப் பசைக்கு வரும்போது மட்டும் நாட்டின் ஏழ்மையை நினைத்துச் சுருங்கிக்கொள்கின்றன. அந்தத் தேசபக்தியை என்னென்று புகழ்வது?

பசையும் முதலாளியின் குணத்தை அறிந்தே நடந்துகொள்கிறது. மேசைக் கம்ப்யூட்டர் சிப்புக்கு மேலே ஓர் உலோக மூடி உண்டு. லேப்டாப் சிப் வெறும் முகத்தோடு இருக்கும். சூடேறினால் சிப்பும் தகடும் விரிகின்றன, அணைத்தால் சுருங்குகின்றன. இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. தினமும் நடக்கும் இந்த இழுபறியில் பசை கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கி ஓரத்துக்குப் போய்விடும், மிஞ்சியது எண்ணெய் வற்றிக் காயும். சில மாதங்களிலிருந்து ஓரிரு வருடத்துக்குள் நடுவே வெற்றிடம், சுற்றிலும் கெட்டியான வரப்பு. பெரும்பாலும் வாரண்டி முடிகிற பருவத்தோடு இது கூடிவருவதைப் பார்க்கும்போது, பஞ்சாங்கம் கணிப்பவர்கள்கூட இத்தனை துல்லியமாக நாள் குறிக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

பிறகு வருவது அடக்கம். வெப்பம் எல்லையைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அட்டைப் பெட்டியில் ஐந்து கிகாஹெர்ட்ஸ் என்று முழங்கியது, களத்தில் அதில் பாதிக்கு இறங்கி வந்து மெதுவாக நடக்கிறது. எதிரி சுட்டு முடித்து, ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நம் திரையில் அவன் துப்பாக்கியை எடுப்பான். "லேக் ஆகுது மாமா" என்று அடையாறு இந்திரா நகரில் இருக்கும் என் மருமான் அலுத்துக்கொண்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கற்பிக்கப் பள்ளிக்கூடத்தால் முடியவில்லை, வீட்டாலும் முடியவில்லை. ஒரு லேப்டாப் கற்றுத் தருகிறது.

மாநகரமும் இந்தத் திருப்பணியில் தன் பங்கைச் செலுத்தாமல் இல்லை. கச்சேரி ரோடு, லஸ், மந்தைவெளி, அடையாறு, பனகல் பூங்கா என்று மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்குத் தோண்டிய மண்ணில் மென்மையான பாகம் முழுவதும் வீடுகளுக்கே விநியோகமானது. 63,246 கோடி ரூபாய்த் திட்டத்தில் ரயில் வருவதற்கு முன்பே குடிமக்களுக்குக் கிடைத்த முதல் பலன் அது. லேப்டாப்பின் அடிவயிற்றில் இருக்கும் துளைகள் வழியாக விசிறிகள் அந்தப் பிரசாதத்தை உறிஞ்சி, ஹீட்சிங்க்கின் நெருக்கமான தகடுகளுக்கு முன்னால் கம்பளிபோல நெய்து வைக்கின்றன. பெசன்ட் நகர்ப் பக்கம் என்றால் கடற்காற்றின் ஈரமும் உப்பும் சேர்ந்து நெசவு இன்னும் கெட்டிப்படும். அதைத் துடைக்க வழி வேண்டாமா என்று கேட்பீர்கள். சில மாடல்களில் அந்தக் கம்பளியை எடுக்க ஹீட்சிங்க்கையே கழற்ற வேண்டும், கழற்றினால் பேஸ்ட்டின் பிடி விட்டுவிடும், பிறகு புது பேஸ்ட் போடாமல் மூட முடியாது. ஒரு கதவைத் திறந்தால் மூன்று கதவுகள் திறந்தாக வேண்டும் என்று கட்டியவர்கள் கோட்டைச் சிற்பிகளின் வம்சமாகத்தான் இருப்பார்கள்.

மருமான் சர்வீஸ் சென்டருக்குப் போனான். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். இந்தப் பண்பு எந்த ஒருவருக்கும் தனிச்சொத்து இல்லை. அங்கே இருந்தவர் கையை வைத்துப் பார்த்தார். இழுத்துக்கொண்டார். "கேமிங் லேப்டாப்னா சூடு ஆகத்தான் சார் செய்யும்" என்றார். நோயாளியைப் பயமுறுத்தாமல், இதெல்லாம் சகஜம் என்று ஆறுதல் சொல்லும் வைத்தியர் எத்தனை பேருக்கு வாய்ப்பார்? அத்தோடு விடவில்லை, சிகிச்சையும் செய்தார். விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றிக் கொடுத்தார். மருமானுடைய காலேஜ் ப்ராஜெக்ட் அதில் போனதே தவிர, பேஸ்ட் காய்ந்த இடத்தில் காய்ந்தபடியே பத்திரமாக இருந்தது.

அதற்குக் காவலாகத் திருகின்மேல் ஒரு ஸ்டிக்கர். கிழித்தால் வாரண்டி போச்சு. நகக்கண் அளவுக் காகிதத்துக்கு இத்தனை அதிகாரம் கொடுத்தவர்களைப் பொறாமையால் குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், இப்படி மிரட்டுவது 1975-ஆம் ஆண்டின் வாரண்டிச் சட்டத்துக்கு ஒவ்வாதிருக்கலாம் என்று ஆறு கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டது. 2024 ஜூலையில் கிகாபைட், ஏஎஸ்ராக், ஸோட்டாக் என்ற கம்ப்யூட்டர்க்காரர்களுக்கும் இதே ஸ்டிக்கர் விஷயமாகக் கடிதம் போனது. நம்மவர்கள் அப்படி முகத்தில் அடித்தாற்போல எழுதுகிறவர்கள் இல்லை. 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று டெல்லியில் ஒரு குழு அமைத்தார்கள், அந்த டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தார்கள். உரிமை அங்கே சௌக்கியமாக இருக்கிறது. ஸ்டிக்கர் இங்கே சௌக்கியமாக இருக்கிறது. ஒன்றை ஒன்று தொந்தரவு செய்வதில்லை.

வாரண்டி முடிந்தவர்களுக்கு மவுண்ட் ரோடு பக்கத்து ரிச்சி தெரு இருக்கிறது. கைதேர்ந்தவர்கள் அங்கே பலர் உண்டு, அவர்களைப் புகழ்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. என் வணக்கம் மற்ற சிலருக்கு. பேட்டரி இணைப்பை எடுக்காமலே போர்டில் கை வைக்கும் வீரர்களுக்கு. காய்ந்த பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்காமல், பழையதை மதித்து அதன்மேலேயே புதியதைப் பூசும் மரபுப் பற்றாளர்களுக்கு. கிராஃபிக்ஸ் மெமரியின்மேல் ஒட்டியிருக்கும் தெர்மல் பேட் கிழிந்தால், ஒரு மில்லிமீட்டர் இருந்த இடத்தில் கைக்குக் கிடைத்த ஒன்றரை மில்லிமீட்டரை வைத்து அனுப்புவார்கள். அரை மில்லிமீட்டர் தூக்கலில் ஹீட்சிங்க் சிப்பைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். கொடுத்ததைவிடக் கூடுதலாகச் சுடுகிற லேப்டாப்பை வாங்கி வரும் வாடிக்கையாளர், குறைத்துக் கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லவே முடியாது. திருகுகளிலும் இரண்டொன்றை நம் நினைவாக வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னும் துணிந்தவர்கள் லிக்விட் மெட்டல் பக்கம் போகிறார்கள். காலியத்தோடு இண்டியம், வெள்ளீயம் சேர்ந்த கலவை. காலியம் தனியாகவே 29.8 டிகிரியில் உருகிவிடும் என்பதால் சென்னையில் அது திடமாக இருக்கும் நாட்களே குறைவு. சாதாரண பேஸ்ட்டைவிடப் பல மடங்கு வெப்பம் கடத்தும். 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-ல் சோனி இதைத்தான் போட்டது, சுற்றிலும் கசியாத அணை கட்டி. நம் பையன்கள் அணையெல்லாம் கோழைகளுக்கு என்று வீடியோ பார்த்துக்கொண்டே ஊசியை அழுத்துகிறார்கள். அது மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும் என்ற இரண்டு செய்திகளும் போர்டு கருகிய பிறகே அவர்களை எட்டுகின்றன. அனுபவக் கல்விக்கு இதைவிட விலை குறைவான கல்லூரி இந்த ஊரில் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் ஹனிவெல் கம்பெனியின் பிடிஎம்7950 என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. மெல்லிய தாள். அறை வெப்பத்தில் திடமாக இருந்து, 45 டிகிரியை ஒட்டி இளகிப் பள்ளங்களை நிரப்பி, ஆறினால் மறுபடி இறுகும். பிதுங்கி ஓடுவது இதில் மிகக் குறைவு. அந்த 2003 மே மதியம் நுங்கம்பாக்கத்தில் யாராவது இதை வெளியே வைத்திருந்தால் வானமே அதை இளக்கியிருக்கும். லெனோவோ லீஜியன் மாடல்கள் சிலவற்றில் கம்பெனியே இதைப் போட்டு அனுப்புகிறது. ஒரு லேப்டாப்புக்கு வேண்டிய துண்டு சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். மருந்து இருப்பது தெரிந்தும் எல்லாருக்கும் கொடுத்துவிடாமல் காக்கும் மற்ற கம்பெனிகளின் மன உறுதி எளிதில் வராது.

மருமான் கடைசியில் அந்தத் துரோகத்தைச் செய்தான். ஸ்டிக்கரைக் கிழித்தான். பேட்டரி இணைப்பை எடுத்தான், ஹீட்சிங்க் திருகுகளைத் தகட்டில் பொறித்திருந்த எண் வரிசைப்படி தளர்த்தினான், கம்பளியை உரித்தான், பழைய பசையைச் சுத்தமாகத் துடைத்தான். பேட்களை வெர்னியரில் அளந்து பார்த்து அதே கனத்தில் மாற்றினான். சிப்மேல் அந்தத் தாளை வெட்டி ஒட்டி, திருகுகளை ஒரேயடியாக முடுக்காமல் எதிரும் புதிருமாகச் சிறிது சிறிதாக இறுக்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதிலேயே போயிற்று. முதலில் பெரிய மாற்றம் இல்லை. சில தடவை சூடேறி ஆறியதும் பத்துப் பன்னிரண்டு டிகிரி இறங்கிவிட்டது, விசிறியின் ஓலமும் தணிந்தது. கம்பெனி அத்தனை கஷ்டப்பட்டுச் சேர்த்துக் கொடுத்த சூட்டை ஒரே மதியத்தில் தொலைத்துவிட்டான். லேப்டாப்பின் பின்பக்கக் காற்றில் வற்றல் மிளகாய் காயவைத்துப் பழகிய அவன் அம்மாவுக்கு மறுபடி மொட்டை மாடி ஏற வேண்டியதாயிற்று.

போன வாரம் தி.நகரில் ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். இந்த வருட மாடல் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் மெலிந்திருக்கிறது. மூடியில் ஓடும் எழுத்தில் நம் பெயரையே எழுதிக்கொள்ளலாமாம். ஏசி அறை, கண்ணாடி மேடை, அதன்மேல் அது மலையருவி வீடியோ ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. விற்பனைப் பையனிடம் ஒரு விளையாட்டு போட்டுக் காட்டச் சொன்னேன்.

"டெமோ பீஸ் சார்" என்றான் பதறிப்போய். "கேம் போட்டா ஹீட் ஆயிடும்."