பேர் ஊரோடு ஒரு சந்தேகம்

சொறிக்கல்முனையில் கோயில் திருவிழா அறிவித்தலை அடிக்க உட்கார்ந்தார் ஓய்வுபெற்ற சேர் ஒருவர். தமிழ் எழுத உதவும் இலவச நிரல் ஒன்றை இறக்கியதுதான் தாமதம், கணினியின் அன்டிவைரஸ் அதைப் பாய்ந்து பிடித்து, 'ட்ரோஜன்' என்று சிவப்பில் பெயரிட்டுச் சிறையில் போட்டுவிட்டது. சேர் மருமகனைக் கூப்பிட்டார்.

"பிழையாப் பிடிச்சிருக்கு மாமா. இது வைரஸ் இல்ல."

"இல்லாட்டி ஏன் மனே பேர் ஊரோட எழுதியிருக்கு?"

கேள்வி நியாயமானது. பிழை நடக்கிற இடமே அதுதான். விண்டோஸ் டிபெண்டர் சூட்டும் பெயர்களில் பிரசித்தமான ஒன்று 'வகாட்டக்.பி!எம்எல்'. கேட்டால் பழைய ஆங்கிலப் படத்து வில்லன் மாதிரி இருக்கும். வாலில் தொங்கும் 'எம்எல்' என்றால் இயந்திரக் கற்றல். தெரிந்த வைரஸோடு ஒப்பிட்டுக் கையும் களவுமாகப் பிடித்ததல்ல, முகச்சாடையைப் பார்த்து ஊகித்தது என்று அர்த்தம். ஊகத்தை வாலில் ஒளித்துவிட்டுத் தீர்ப்பைத் தலையில் எழுதியிருக்கிறார்கள்.

தமிழ் தட்டும் நிரலுக்கு முகச்சாடையும் கொஞ்சம் மோசம்தான். நாம் அமுக்கும் ஒவ்வொரு விசையையும் இடையில் மறித்து வாங்கினால்தான் அதனால் தமிழ் எழுத்தைத் தர முடியும். கடவுச்சொல் களவெடுக்கும் கீலொகரும் அதே இடத்தில் நின்று அதே விசைகளைத்தான் வாங்குகிறது. ஒன்று மாற்றிக் கொடுக்கிறது, மற்றது எடுத்துக்கொண்டு ஓடுகிறது. வாங்கும்போது பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விசைகளை ஆளும் ஓட்டோஹொட்கீ என்ற திறமூல நிரலின் கையேட்டில், 'அன்டிவைரஸ் இதை வைரஸ் என்கிறதே, உண்மையா?' என்ற கேள்விக்கே தனியிடம் உண்டு. கூகுளில் பிறந்த 'கோ' நிரல்மொழியின் கேள்வி பதில் பக்கத்திலும் இதே கேள்வி இருக்கிறது. கூகுள் வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி!

யுத்த காலத்தில் கல்முனை வீதியில் பஸ்ஸேறியவர்களுக்கு இப்படிச் சந்தேகத்தில் மறிக்கும் முறை புதிதல்ல. அடையாள அட்டை இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் இறங்கு. நிரலுக்கு அடையாள அட்டை என்பது டிஜிட்டல் சான்றிதழ். பெரும்பாலும் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான டொலர் கொடுத்து வாங்க வேண்டும். ஓய்வு நேரத்தில் எழுதி ஊருக்குச் சும்மா கொடுக்கிறவர் அதற்கு எங்கே போவார்? சான்றிதழ் இல்லாவிட்டால் பலபேர் இறக்கிப் பெயரெடுத்த கோப்பாக இருக்க வேண்டும். அதிலும் வில்லங்கம் என்னவென்றால், பிழை திருத்திப் புதுப் பதிப்பு விட்டால் அது புதுக் கோப்பு, எடுத்த பெயர் பூச்சியத்துக்குப் போய்விடும்.

அட்டை வைத்திருக்கிறவரெல்லாம் யோக்கியரா என்றால் அதுவும் இல்லை. 2016 மார்ச்சில் ட்ரான்ஸ்மிஷன் என்ற திறமூல டொரன்ட் நிரலின் சொந்தத் தளத்துக்குள் யாரோ புகுந்து, மெக் கணினிகளுக்கான பதிப்பில் கீரேஞ்சர் என்ற கப்பம் கேட்கும் வைரஸைச் சொருகினார்கள். அதில் செல்லுபடியாகும் அப்பிள் சான்றிதழ் இருந்தது. ஆகவே மெக்கின் காவல்காரர் மரியாதையாக வழிவிட்டார்.

அரசாங்கங்களும் இந்தச் சந்தேகத்துக்கு விலக்கல்ல. மஞ்சள் கூம்புச் சின்னம் போட்ட வீஎல்சி பிளேயரின் தளத்தை 2022 பெப்ரவரியில் இந்தியா முடக்கியது. வீஎல்சிகாரர்கள் ஒக்டோபரில் சட்ட அறிவித்தல் அனுப்பினார்கள், நவம்பரில் தடை நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் ஏற்கெனவே கணினிகளில் குடியிருந்த வீஎல்சி தன்பாட்டுக்குப் படம் ஓட்டிக்கொண்டிருந்தது. தளத்தைத்தானே மறித்தார்கள்!

இவ்வளவு சந்தேகப்படும் நாம் ஒரே ஓர் ஆளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். 'கிராக்' செய்த போட்டோஷொப்போடு வரும் ரீட்மீ கோப்பைத்தான் சொல்கிறேன். 'முதலில் அன்டிவைரஸை நிறுத்தவும்' என்று அது எழுதியிருந்தால், வைத்தியர் சொன்ன பத்தியம் போலக் கடைப்பிடிக்கிறோம். காசில்லாமல் நேர்மையாக வந்த நிரல் சிறையில், கள்ளமாக வந்தது டெஸ்க்டொப்பில்.

அன்டிவைரஸ்காரருக்கு ஓரவஞ்சனை என்று மட்டும் சொல்ல முடியாது. 2010 ஏப்ரல் 21இல் மெக்கஃபியின் புதுப்பித்தல் ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த உறுப்பான 'எஸ்விசிஹோஸ்ட்'டையே வைரஸ் என்று பிடித்தது. உலகெங்கும் கணினிகள் எழும்புவதும் விழுவதுமாக அல்லாடின. 2012 செப்டம்பர் 19இல் சோபோஸ் அதையும் தாண்டியது. கண்ணில் பட்ட அப்டேட்டர்களை எல்லாம் 'ஷ்ஷ்/அப்டேட்டர்-பி' என்று பெயரிட்டுப் பிடித்த வேகத்தில் தன் சொந்த அப்டேட்டரையும் உள்ளே போட்டது. நிறுவனம் அவசர அவசரமாகத் திருத்தத்தை வெளியிட்டது. பல கணினிகளில் அதை வாங்கப் போக வேண்டிய ஆள்தான் சிறையில் இருந்தது.