சுடாத ஸ்கோப்புக்குச் சூடான விலை

பழைய ஏர் ரைஃபிள்களுக்கான பழைய ஸ்கோப் வியாபாரத்தில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு: எது குறைவாக வேலை செய்ததோ, அதற்குத்தான் கூலி அதிகம். இங்கிலாந்தில் இந்த வியாபாரம் மும்முரம். பிஎஸ்ஏ, வெப்லி என்று பர்மிங்காம் கம்பெனிகள் தலைமுறை தலைமுறையாக ஏர் ரைஃபிள் செய்து விற்ற நாடு அது. அவற்றின் தலையில் ஏறியும் ஏறாமலும் கிடந்த ஸ்கோப்புகள் இன்று பரணிலிருந்து இறங்கி விலைக்கு வருகின்றன. விற்பவரின் வர்ணனையைக் கேளுங்கள். முதலில் ‘அசல் பெட்டியோடு’ என்பார். பிறகு லென்ஸ் மூடி இரண்டும் இருக்கின்றன, கையேடு இருக்கிறது, குழாயில் கீறல் இல்லை, துப்பாக்கியில் மாட்டியதே இல்லை. எல்லாம் முடிந்து மூச்சு மிச்சமிருந்தால், ‘நன்றாகவும் தெரியும்.’ விலையும் இதே வரிசையில்தான் ஏறுகிறது. சுடுவதற்காக வாங்குகிறவருக்கு இந்த வரிசை தலைகீழ் என்பது என் கட்சி. கைபடாத பழைய ஸ்கோப்தான் இருப்பதிலேயே பெரிய சூதாட்டம். கிளாம்ப் பிடித்த தழும்போடு வருவதுதான் சாட்சியோடு வருகிறது.

காரணம், ஏர் ரைஃபிளின் சுபாவம். மருந்து வைத்துச் சுடும் பெரிய துப்பாக்கி பின்னால் உதைக்கும். முரடு, ஆனால் நேர்மையான முரடு. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் பார்வைக்குப் பரம சாது. விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் நகர்கிறது. சிலிண்டர் முனையில் அடைபட்ட காற்றின் மேல் பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது, அதே துப்பாக்கி முன்பக்கம் ஒரு வெட்டு வெட்டுகிறது. கண் இமைப்பதற்குள் எதிரெதிர்த் திசையில் இரண்டு அடி. மான் வேட்டைக்கான அந்தக் கால ஸ்கோப்புகளைச் செய்தவர்கள் பின்னுதையை எதிர்பார்த்துத்தான் உள்ளே லென்ஸ்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். எதிர்த்திசையிலும் ஒரு குத்து விழும் என்று அவர்கள் கணக்குப் போடவில்லை. அதனால்தான் பெரிய தோட்டாவுக்கெல்லாம் அசராத ஸ்கோப், எலி அடிக்கிற ரைஃபிளில் ஏறியதும் உள்ளே லென்ஸ் நழுவி, குறுக்குக் கம்பி அறுந்து படுத்துவிடுகிறது. இத்தனைக்கும் இங்கிலாந்தில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஏர் ரைஃபிளின் வலு 12 அடி-பவுண்டைத் தாண்டக் கூடாது.

இனி அந்தப் பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் படுத்திருக்கும் ஸ்கோப்பை யோசியுங்கள். அது இந்த இரட்டை அடியைத் தாங்குமா? தெரியாது. ஐம்பது வருஷமாக அதை யாரும் கேட்கவே இல்லை. பலவற்றின் மேல் தங்க நிறத்தில் முட்டை வடிவ ஸ்டிக்கர் ஒன்று பளபளக்கும்: ஜப்பானியத் தொலைநோக்கிப் பரிசோதனை நிலையம், ‘பாஸ்’. ஏற்றுமதிக்குப் போகும் சரக்கின் தரத்துக்காக ஒட்டியது அது. டாஸ்கோ போன்ற அமெரிக்கப் பெயர் போட்ட ஸ்கோப்புகளே ஜப்பானில்தான் உருவாயின என்பதால், இந்த ஸ்டிக்கர் இல்லாத வீடு இல்லை எனலாம். ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தால் விலை ஒரு படி ஏறுகிறது. ரிட்டயர் ஆனவர் வேலைக்கு மனுப்போடும்போது எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டை இணைப்பதுபோல் இருக்கிறது. பாஸானது உண்மைதான். இடைப்பட்ட காலத்தில் லென்ஸ்களை ஒட்டிய பிசின் என்ன ஆனது என்று ஸ்டிக்கர் சொல்லாது. அது கனடா பால்சம் என்ற மரப்பிசினாக இருந்தால் மஞ்சளடிக்கும், ஓரத்தில் பிரியும். பிரிந்த இடத்தில் வானவில் மாதிரி திட்டுத் தெரியும். இருட்டுப் பெட்டியும் ஈரமும் பூஞ்சைக்கு மாமியார் வீடு. மாட்டாமல் வைத்திருந்ததே அதற்குச் செய்த விருந்தோம்பல்.

தழும்பை எப்படி நம்புவது, அது .22 தோட்டாத் துப்பாக்கியில் சொகுசாக உட்கார்ந்த தழும்பாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தழும்பை உற்றுப் பார்க்க வேண்டும். வளையம் அமுக்கிய இடத்தில் வெறும் வட்டக் கோடு மட்டும் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்பிரிங் ரைஃபிள் முன்னால் வெட்டும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு நூலிழை பின்னால் நழுவும். ஆகவே வட்டக் கோட்டை ஒட்டி, குழாயின் நீளவாக்கில், கறுப்புப் பூச்சு தேய்ந்து உலோகம் மின்னும் சின்ன இழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இழுப்பும் இருந்து, குறுக்குக் கம்பியும் நேராக நின்றால், பரீட்சை எழுதிப் பாஸானது அதுதான். சந்தேகம் தீரவில்லையா? அட்டைப் பெட்டியில் இரண்டு பக்கமும் ‘வி’ மாதிரி வெட்டி, ஸ்கோப்பை அதில் கிடத்தி, எட்ட இருக்கும் ஒரு புள்ளியைப் பார்த்தபடி மெல்ல உருட்டுங்கள். கம்பியைச் சரிசெய்யும் திருகாணிகளைத் திருகத் திருக, கம்பிகள் கூடும் இடம் புள்ளியைச் சுற்றி வட்டமடிப்பது குறைந்துகொண்டே வர வேண்டும். எந்தத் திருகுக்கும் அசையாவிட்டால் உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது. வெட்டுவதற்கு அந்த அசல் பெட்டியைக் கேட்டுப் பாருங்கள், விற்பவரின் முகம் விலையின் முழு ரகசியத்தையும் சொல்லிவிடும்.

‘அந்தக் காலத்து இரும்பு, இப்போது வருமா?’ என்ற வாதமும் உண்டு. டெக்சாஸ் எல் பாசோவில் செய்த வீவர் கே4 நிஜமாகவே எஃகுக் குழாய்தான், சம்மட்டியாகவும் பயன்படும். ஆனால் எடை கூடக் கூட, முன்வெட்டில் ஸ்கோப் நழுவத்தான் அதிகம் பார்க்கும். தவிர, தோட்டாத் துப்பாக்கி ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 கெஜத்துக்குச் சரிசெய்திருப்பார்கள். ஏர் ரைஃபிள்காரரின் உலகமோ வேலியோரத்து 30 கெஜம்; கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் கம்பியும் குறியை விட்டு நகரும். மலிவு ரகங்களின் கதை இன்னும் இருட்டு. 4x15 என்றால் நாலு மடங்கு பெரிதாக்கி, முன் லென்ஸ் 15 மில்லிமீட்டர். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலு பங்கைத் தின்னும். முயல் வெளியே வருகிற அந்தி வேளையில் இதன் வழியாகத் தெரிவது அந்தி மட்டும்தான்.

‘நாங்கள் சுடுவதற்கா வாங்குகிறோம்? 1959-இல் வந்த பிஎஸ்ஏ மீட்டியார் ரைஃபிளுக்கு அந்தக் காலத்து ஸ்கோப் வேண்டும், அழகுக்காக’ என்பவர்களிடம் எனக்குச் சண்டையே இல்லை. ஒல்லியான மீட்டியார் மேல் இன்றைய ஐம்பது மில்லிமீட்டர் ஸ்கோப்பை ஏற்றினால் ரைஃபிள் தெரியாது, ஸ்கோப்தான் தெரியும். அலங்காரத்துக்குப் பெட்டி, மூடி, ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அலங்காரத்துக்கு ஒரு விலை, ‘நன்றாகவும் தெரியும்’ என்ற வாய்மொழிக்கு இன்னொரு விலை என்று இரண்டையும் சேர்த்து வாங்குகிறார்களே, அந்த இரண்டாவதை விளக்கில் காட்டிப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். உள்ளே பூஞ்சை இருந்தால், பிரித்துத் துடைத்துக் கொடுப்பவரின் கூலி ஸ்கோப்பையே விழுங்கிவிடும். இது முதலீடு, வருஷா வருஷம் ஏறும் என்பவர்களுக்கும் பதில் உண்டு. ஏறும்தான், கைபடாதவை குறையக் குறைய, மிச்சமிருப்பதற்கு மவுசு. ஆகவே தன் ஸ்கோப்பின் விலை ஏற வேண்டும் என்று நினைக்கிற சேகரிப்பாளர் செய்யவேண்டியது ஒன்றுதான்: மற்ற சேகரிப்பாளர்களைப் பார்த்து, ‘இவ்வளவு நல்ல ஸ்கோப்பை மாட்டிச் சுடாமல் வைத்திருக்கிறீர்களே சார்’ என்று மனமார வருத்தப்படுவது. திருகாணி முடுக்கும் சாவியையும் அவரே கொடுத்து உதவலாம்.