ஹோம்புஷ் குசினியில் பழைய டிஷ்வோஷர்: ஒரு பூர்வாங்க ஆய்வு

சிட்னியிலிருந்து பரமட்டாவுக்கு 1855-ல் போட்ட ரயில் பாதையின் முதல் நிலையங்களில் ஹோம்புஷும் ஒன்று. இன்று அங்கே இறங்கி நடந்தால் தமிழ்க் கடைகளில் புட்டுமாவும் கருவாடும் வாங்கலாம். அங்குள்ள பழைய செங்கல் வீடொன்றின் குசினிக்குள் 1980-களின் டிஷ்வோஷரைப் பொருத்துவது எப்படி என்ற வினாவைத் தமிழியல் ஆய்வுலகம் இதுவரை தீண்டவில்லை. கல்வெட்டைத் தேடிக் காடு மலை ஏறிய அறிஞர்கள் சிங்க்குக்குக் கீழே குனிந்து பார்க்க மறந்துவிட்டார்கள்.

இவ்வகை மெஷின் கடையில் கிடைப்பதில்லை. வாங்கிய வீட்டோடு வரும். அல்லது கவுன்சில் லொறி பழைய சாமான் அள்ளும் நாளுக்கு முந்திய இரவு நடைபாதையோரம் ஆதரவற்று நிற்கும்.

டிஷ்வோஷர் துறையின் மூலவர் ஜோசபின் கொக்ரேன். அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் ஷெல்பிவில் ஊர்க்காரர், வசதியான வீட்டம்மா. தன் அருமைப் பீங்கான்களை வேலையாட்கள் கழுவிக் கழுவி விளிம்பு உடைக்கிறார்களே என்று பொறுக்காமல், தட்டு, கிண்ணம் ஒவ்வொன்றையும் அளந்து, அந்த அளவுக்குக் கம்பி அறைகள் செய்து, செப்புக் கொதிகலனுக்குள் சுழலும் சக்கரத்தில் அடுக்கினார். 1886 டிசம்பர் 28-ல் காப்புரிமை கிடைத்தது. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு மெஷின் போனது. கவனிக்க: அம்மையார் அளந்தது தட்டுகளை. சட்டிகளை அல்ல. ஹோம்புஷின் சிக்கல்கள் அத்தனையும் அந்த அளவெடுப்பில்தான் பிறந்தன என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

பொருத்தும் வேலை சின்னதுதான். 60 சென்ரிமீற்றர் அகலத்தில் ஓர் இடைவெளி, சிங்க்கடியில் ஒரு தண்ணீர்க் குழாய், பக்கத்து அலுமாரிக்குள் ஒரு பிளக். குழாயோ வயரோ புதிதாக இழுக்க நியூ சவுத் வேல்ஸில் லைசென்ஸ்காரர் வேண்டும். மச்சான் கொழும்பில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் என்பது இங்கே செல்லாது. பழைய மெஷினில் முதலில் தடவிப் பார்க்க வேண்டியது ரப்பரை: கதவுச் சீல் காய்ந்து வெடித்திருந்தால் முதல் ஓட்டத்திலேயே குசினி குளமாகும். கழிவுக் குழாயை பெஞ்சின் அடிவரை உயர்த்தி வளைத்துக் கட்டாவிட்டால், சிங்க்கில் ஊற்றிய மீன் கழுவிய தண்ணீர் மெஷினுக்குள் விருந்துக்கு வரும். மேல்விளிம்பை பெஞ்சோடு ஸ்க்ரூ போட்டு இறுக்காவிட்டால், கதவைத் திறந்து பாத்திரம் நிறைந்த கூடையை இழுத்ததும் மெஷினே முன்னுக்குச் சாயும்.

தண்ணீரிலும் ஒரு விதி விளையாட்டு. ஐரோப்பிய மெஷின்களின் அடியில் உப்புப் போட ஓர் அறை உண்டு. கடின நீரை மென்மையாக்கும் ஏற்பாடு. யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறிய தண்ணீரைத் தருபவை. உப்பு அங்கேதான் வேண்டும். சிட்னித் தண்ணீரோ மென்னீர். உப்பு தேவைப்பட்ட ஊரில் மெஷின் இல்லை. மெஷின் கிடைத்த ஊரில் உப்புக்கு வேலை இல்லை.

இனி அழுக்கியல். டிஷ்வோஷரைச் சோதிக்கும் சர்வதேசத் தரநிலை, தட்டில் பூச வேண்டிய அழுக்குகளையே வகுத்துவைத்திருக்கிறது: பால், தேநீர், அரைத்த இறைச்சி, முட்டை, ஓட்ஸ் கஞ்சி, பசளிக்கீரை, மாஜரின். கனவான்களின் அழுக்கு. சொதி இல்லை; அடிப்பிடித்த பால்கஞ்சி இல்லை; நண்டுக்குழம்பு இல்லவே இல்லை. ஜெர்மனியின் பொன் பல்கலைக்கழகத்தில் ரைனர் ஸ்டாமிங்கரின் குழு, 12 பேருக்கான அழுக்குப் பாத்திரங்களை 113 பேரிடம் கொடுத்துக் கையால் கழுவச் சொல்லி அளந்தது. சராசரி 103 லீட்டர் தண்ணீர். ஜெர்மானியருக்கு 46, ஸ்பெயின்–போர்த்துக்கல்காரருக்கு 170. அட்டவணையில் தமிழருக்கு வரிசை இல்லை. இருந்திருந்தால், குழாயை மூடாமல் பேசிக்கொண்டே கழுவும் பெரியம்மாக்களால் சராசரி எங்கே போயிருக்கும் என்பதை ஊகத்துக்கு விடுவதே மரியாதை.

கூடைக்குள் போகத் தகாதவை எவை? அலுமினியச் சட்டி மெஷின் பவுடரின் காரத்தன்மையால் கறுக்கும். இரும்புத் தோசைக்கல் துருப்பிடிக்கும். சிரட்டை அகப்பையின் மரப்பிடி வெடிக்கும். மண்சட்டி சோப்பைக் குடித்துவிட்டு அடுத்த மீன்குழம்பில் கக்கும். மிச்சம் தட்டும் கரண்டியும். அவற்றையும் ஒருமுறை கழுவிவிட்டு அடுக்குவதே வீட்டு வழக்கம். எச்சிலை வழித்துப் போட்டால் போதும், பவுடரில் உள்ள என்சைம் மாச்சத்தையும் புரதத்தையும் கரைக்கும் என்று விளக்கலாம். குசினியில் எடுபடாது. இதனால்தான் பல வீடுகளில் மெஷின் பாத்திரம் காயவைக்கும் அலுமாரியாகப் பதவி வகிக்கிறது. அந்தப் பணியில் 1980-களின் மெஷினுக்கும் நேற்று வாங்கியதற்கும் வித்தியாசமில்லை. முன்னது ஒரு தடவைக்கு 40 லீட்டர் குடிக்கும் என்ற குற்றச்சாட்டும் அப்போது அடிபட்டுப் போகிறது.

மெய்யாகவே ஓட்டிப் பார்ப்பவர்கள் ஒரு கட்டத்தில் அடித்தட்டை விலக்கி ஃபில்டரைக் கழற்றுவார்கள். தாளித்த கடுகு, கருவேப்பிலை நரம்பு, மிளகாய் விதை எல்லாம் அந்த வலையில் அப்பியிருக்கும். அதைச் சிங்க்கில் வைத்துக் கையாலே தேய்த்துத்தான் கழுவ வேண்டும்.